வண்டியில் வேறு யாரும் இல்லை

வெற்றி நாள் நெருங்கிவிட்டால் லாரிக்காரர் வீட்டு வாசலில் போர் நினைவுத் துறையின் ஜீப் வந்து நிற்கும். மற்ற வீடுகளுக்கு மீட்டர் பார்க்க ஆள் வருவதில்லையா, அதுபோல இவர் வீட்டுக்கு ஞாபகம் பார்க்க ஆள் வருவார். போன வருஷம் அரசாங்கம் வைத்துவிட்டுப் போன ஞாபகம் அப்படியே இருக்கிறதா, இவராக அதில் எதையாவது கலந்துவிட்டாரா என்று பார்ப்பார். தேவைப்பட்டால் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்துவிட்டுப் போவார்.

லாரிக்காரர் லாரி ஓட்டுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. இருந்தாலும் தெருவில் அவர் லாரிக்காரர்தான். பாடப்புத்தகத்தில் 'பாலத்து மாவீரர்'. வீட்டில் 'இந்தாங்க'. அவர் மனைவி வேறு பெயர் எதையும் அவருக்கு வைக்கவில்லை. அவர் எந்த வண்டியை எடுத்தாலும், அது பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டராகவே இருந்தாலும், "டீசல் இருக்கான்னு பாத்தீங்களா?" என்று கேட்பாள். ஸ்கூட்டர் பெட்ரோலில் ஓடும் என்று அவர் சொன்னதில்லை. அவள் கேட்பது ஸ்கூட்டரைப் பற்றி இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். பெரிய போரின் கடைசி மாதத்தில் லாரிக்காரர் ராணுவத்துக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு ஆற்றுப்பாலத்தின் மேல் போனார். டீசல் முள் எப்போதும் 'நிறைவு' என்றே காட்டும் வண்டி அது. முள்ளை நம்பினார். பாலத்தின் நடுவில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. விடிகாலை, நல்ல பனி. கூட இருந்த கிளீனர் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. "மச்சான், கேனை எடுத்துக்கிட்டுப் போய் நம்ம முகாம்ல கொஞ்சம் டீசல் கேட்டு வாங்கிட்டு வாடா" என்று இவர்தான் அனுப்பினார். அவனும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பனிக்குள் போனான். பாலத்து முனையில் காவலுக்கு நின்ற நம்முடைய வீரனுக்குப் பனிக்குள்ளிருந்து யாரோ வருவது மட்டும்தான் தெரிந்தது. சுட்டுவிட்டான்.

அதே நேரம் எதிர்க்கரையிலிருந்து எதிரிப்படை பாலத்துக்குள் நுழைந்தது. நடுவில் வெங்காய லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அவர்களால் தாண்டவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. அதற்குள் நம் படை விழித்துக்கொண்டது. போரே திரும்பியது என்கிறார்கள். அந்த நேரம் முழுக்க லாரிக்காரர் வண்டிக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார்.

மறுநாள் முகாமில் ஒரு அறைக்கு அவரை அழைத்துப் போனார்கள். போர் நினைவுத் துறை அப்போதுதான் பிறந்திருந்தது; போர் இன்னும் முடியவில்லை, அதற்குள் அதை நினைவுகூர ஆள் போட்டுவிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் மீசை சரியாக முளைக்காத ஒரு அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வண்டியில உங்களோட வேற யாராவது இருந்தாங்களா?"

"என் மச்சான் இருந்தான் சார். பொண்டாட்டியோட தம்பி."

அதிகாரி பேனாவை மூடினார். "நிதானமா யோசிங்க. அவர் இருந்தார்னா எதுக்கு இறங்கிப் போனார்னு கேள்வி வரும். டீசலுக்குன்னா, யார் பார்க்காம விட்டதுன்னு வரும். போர்க்காலத்துல ராணுவ வண்டி நடுப்பாலத்துல நின்னா அதுக்குப் பேர் நாசவேலை. அதுக்கு என்ன தண்டனைன்னு நான் சொல்லணுமா? அதோட, அவரைச் சுட்டது யார்னு வரும். நம்ம வீரர் எதிரி ஒற்றன் ஒருத்தனைச் சுட்டாருன்னு மேலே தகவல் போயாச்சு. இத்தனை பேரையும் சங்கடப்படுத்தணுமா?" பேனாவை மறுபடியும் திறந்தார். "இப்ப சொல்லுங்க. வண்டியில வேற யாராவது இருந்தாங்களா?"

லாரிக்காரருக்கு மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. கூடவே தூக்குக்கயிறும் வந்தது. கயிறு முந்திக்கொண்டது.

"இல்ல சார்."

"நல்லது" என்றார் அதிகாரி. "மாவீரன்னா தனியாத்தான் இருக்கணும். கூட ஒருத்தர் இருந்தா அது வெறும் டூட்டி."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். அதைச் சொல்ல மட்டும் அவருக்கு தைரியம் இருந்தது. அவள் கத்தவில்லை. "செத்துட்டான்னு சொல்லலாம். இல்லவே இல்லைன்னு எப்படிங்க சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். 

அன்று முதல் அவளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். பாலத்தடியில் எழுப்பிய நினைவுக்கல்லில் தம்பியின் பெயர் வரவேண்டும். ஜீப் வரும்போதெல்லாம் கேட்பாள். அதிகாரியும், "அடுத்த பதிப்புல பார்க்கலாம்மா" என்பார். அவருக்கு மீசை முளைத்தது, பிறகு தொப்பை முளைத்தது, பிறகு மீசை நரைத்தது. அடுத்த பதிப்புகள் வந்துகொண்டே இருந்தன. தம்பிதான் வரவில்லை.

முதல் பதிப்பில் லாரிக்காரர் ஒற்றை ஆளாக எதிரியை மறித்து நின்றார். வெங்காய மூட்டை வெடிமருந்துப் பெட்டி ஆயிற்று. நினைவிடத்தில் ஒரு லாரியை மேடையில் ஏற்றி, அதன் தலையில் பீரங்கி ஒன்றையும் பொருத்தி, முகத்தை எதிர்க்கரைக்குத் திருப்பி வைத்தார்கள். அது அவருடைய லாரி இல்லை. அவருடையதைப் போர் முடிந்ததும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதன் தோற்றத்தில் வீரம் போதவில்லையாம்.

ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்களுக்குத் தனி மாவீரர் பிடிக்காது, திட்டமிடல்தான் பிடிக்கும். அதிகாரி வந்தார். "டீசல் தீரலை. தலைமையோட உத்தரவுப்படி நீங்களா தீர்த்தீங்க. துல்லியமா கணக்குப் போட்டு, நடுப்பாலத்துல தீர்ற மாதிரி."

"சார், முள்ளு ரிப்பேர் சார்."

"அதுவும் திட்டம்தான்."

கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதுன்னு சொல்வானாம். மனைவி அதை அதிகாரியின் காதுபடவே சொன்னாள். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு போனார். அந்த வருஷ வெற்றி நாள் உரையில், வீரரின் இல்லத்தில் தானியமும் நெய்யும் பெருகி ஓடுவதாக ஒரு வரி இருந்தது.

அப்புறம் பக்கத்து நாட்டோடு சமாதானம் வந்தது. ஆற்றில் இரண்டு நாடும் சேர்ந்து அணை கட்டப்போகின்றன. கிரேன் கொண்டுவந்து மேடை லாரியைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். பீரங்கியைக் கழற்றினார்கள். வெடிமருந்துப் பெட்டி மறுபடியும் வெங்காயமாயிற்று. ஆனால் இப்போது அந்த வெங்காயம் ராணுவத்துக்குப் போனதில்லையாம். எதிர்க்கரைச் சகோதரர்களின் பசியாற்றப் போனதாம்.

"அப்போ நாம யாரோட சண்டை போட்டோம் சார்?" என்று லாரிக்காரர் அப்பாவியாகக் கேட்டார்.

அதிகாரி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "பனியோட" என்றார்.

உயிரோடிருந்த பழைய ஆட்களுக்கெல்லாம் நினைவுப் பயிற்சி முகாம் நடத்தினார்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, வகுப்பு, கடைசியில் தேர்வு. பாலத்துச் சண்டையைப் பற்றிய தாளில் லாரிக்காரர் தோற்றார். முதல் மதிப்பெண் வாங்கியவர் வெற்றி நாள் நாடகத்தில் லாரிக்காரராக நடிப்பவர். போர் முடிந்த பிறகு பிறந்தவர். அவர் வந்து இவர் தோளில் கைபோட்டு, "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. எதிரி வர்ற இடத்துல நீங்க பயந்த மாதிரி எழுதியிருக்கீங்க. அங்க பல்லைக் கடிக்கணும்ணே" என்று சொல்லிக் கொடுத்தார்.

முகாமின் நிறைவுரையில் அதிகாரி சொன்னார்: "தேசத்தின் நினைவு கிணற்று நீர் அல்ல. கிணறு என்றால் அவரவர் வாளியை விட்டு அவரவருக்குக் கிடைத்ததை இறைப்பார்கள். நினைவு என்பது குழாய் நீர். எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, என்ன நிறத்தில் திறப்பது என்பதைத் துறை பார்த்துக்கொள்ளும். நீங்கள் குடத்தை மட்டும் வையுங்கள்." எல்லோரும் கைதட்டினார்கள். லாரிக்காரரும் தட்டினார். தட்டும்போதே பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு வேகமாகத் தட்டுகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். அப்போது அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் தட்டினார்கள்.

சந்தேகம் அவரை உள்ளேயும் பிடித்துக்கொண்டது. ஜீப் சத்தம் கேட்டால் எந்தப் பதிப்பு மனதில் இருக்கிறது என்று தடவிப் பார்ப்பார். மச்சான் முணுமுணுத்துக்கொண்டு போன பாட்டு எது? உண்மையிலேயே முணுமுணுத்தானா, இல்லை நாடகத்தில் யாராவது பாடியதா? ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவியிடம் மெல்ல, "உன் தம்பி... இருந்தான்ல?" என்று கேட்டுவிட்டார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எட்டு வயசுல மரத்துலேர்ந்து விழுந்து என் மடியிலதான் அழுதான். இடது முழங்கையை நீட்டவே வராது அவனுக்கு. கல்யாணத்தன்னைக்கு உங்க செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டான், நீங்க வெறுங்காலோட நின்னீங்க. போதுமா?"

"போதும்" என்றார். செருப்பு ஞாபகம் வந்துவிட்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும் கோபம் போய்விட்டது. அன்று இருவரும் மேற்கொண்டு சாப்பிடவில்லை.

இதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய திட்டம் வந்தது. இரண்டு நாடுகளும் சேர்ந்து 'கூட்டு நினைவு ஆணையம்' அமைத்தன. போரில் எந்த நாடும் ஜெயிக்கவில்லை, எந்த நாடும் தோற்கவில்லை என்று முடிவானது. ஆகவே பாலத்துச் சண்டையில் இரண்டு பக்கமும் ஒரே அளவு பேர் செத்திருக்க வேண்டும். பேசிப் பார்த்தார்கள், எண்ணிப் பார்த்தார்கள். எதிர்க்கரைக்கு ஒரு ஆள் குறைந்தது.

அதிகாரி இம்முறை இனிப்புப் பெட்டியோடு வந்தார். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையாக இருக்கிறதே என்று மனைவி கதவோரமே நின்றாள்.

"அம்மா, உங்க தம்பி பேர் கல்லுல வரப்போகுது."

கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல கருங்கல். ஆழமா வெட்டின எழுத்து. ஒரே ஒரு விஷயம், கல்லு அந்தக் கரையில. அவங்களுக்கு ஒரு ஆள் குறையுது. நம்ம பதிவுப்படி உங்க தம்பி எதிரி ஒற்றன். அப்போ அவங்க ஆள்தானே? அவங்களும் பெருந்தன்மையா ஏத்துக்கிட்டாங்க." லாரிக்காரரின் பக்கம் திரும்பினார். "காவல்காரர் சுட்டார்னு இப்ப போட முடியாது. அவர் மகன்தான் இப்ப எங்க துறை அமைச்சர். கொன்னவருக்கு மக்களுக்குத் தெரிஞ்ச முகமா இருந்தா நல்லாயிருக்கும்னு ஆணையம் நினைக்குது. அதனால நீங்க."

"நான் அவனைக் கொல்லலையே சார்!"

"நீங்க கொன்னதா யாருங்க சொன்னா? கொன்னதுக்காக வருத்தப்படுறீங்கன்னுதான் சொல்றோம். பாலத்து நடுவுல விழா. நீங்க இந்த நாட்டு மாவீரர். அம்மா அந்த நாட்டுத் தியாகியோட சகோதரி. ரெண்டு பேரும் முதல் தடவையா சந்திச்சு, கைகுலுக்கி, மன்னிச்சுக்கணும்."

"நாங்க புருஷன் பொண்டாட்டி சார்."

"அது தனிப்பட்ட விஷயம்" என்றார் அதிகாரி. "துறை அதுல தலையிடாது."

அவர் போனபின் லாரிக்காரர் குதித்தார். முடியவே முடியாது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் இப்போது பூசணிக்காயே நீதான் என்கிறார்கள் என்றார். மனைவி குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அன்னைக்கு ஒரு பொய்யைச் சொல்லி அவனை இல்லாம பண்ணினீங்க. இன்னைக்கு ஒரு பொய்யைச் சொல்லி அவனை இருக்க வைங்க. எந்தக் கரையா இருந்தா எனக்கென்ன? அவன் பேரு எங்கயாவது வெளிச்சத்துல இருக்கணும்."

லாரிக்காரர் ஒத்துக்கொண்டார்.

விழா நாளில் பாலத்தின் நடுவே வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள். மனைவியைத் துறையின் வண்டியிலேயே அந்தக் கரைக்குக் கொண்டுபோய் இறக்கி, அங்கிருந்து நடந்துவரச் சொன்னார்கள். லாரிக்காரர் இந்தக் கரையிலிருந்து நடந்தார். காலையில் ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் கோட்டருகே சந்தித்துக்கொண்டார்கள். இரண்டு நாட்டு இசைக்குழுவும் வாசித்தன. அவர் மைக்கில் வருத்தப்பட்டார். எழுதிக் கொடுத்ததைத்தான் வாசித்தார் என்றாலும் குரல் உண்மையாகவே உடைந்தது. அதிகாரிக்குப் பரம திருப்தி.

அடுத்து மைக்கை அவளிடம் கொடுத்தார்கள். அவள் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கோட்டும் சூட்டுமாக நின்றார். அவள் அந்நிய நாட்டுப் பிரதிநிதி அல்லவா, அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால் மரியாதைக்குறைவு.

அவள் எழுதிக் கொடுத்த தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கூட்டத்தைப் பார்த்து, இந்தக் கரை ஜனங்கள் அத்தனை பேருக்கும் தாய்மொழியான அதே பேச்சில், தெளிவாகச் சொன்னாள்.

"என் தம்பி ஒற்றன் இல்ல. இந்தக் கரைக்காரன். டீசல் வாங்கப் போனான். நம்ம காவல்காரன்தான் சுட்டான். இவரு என் புருஷன். இவரு சுடலை. இவரு செஞ்சது வேற தப்பு. அதை எங்க வீட்டுல நான் கேட்டுக்கிறேன்."

ஒவ்வொரு சொல்லும் எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. முன்வரிசையில் அவள் தினமும் பால் வாங்கும் கடைக்காரர்கூட உட்கார்ந்திருந்தார். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் மொழிபெயர்ப்பாளரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே மொழியில் சொன்னார்: "எதிர்க்கரையிலிருந்து வந்திருக்கும் அம்மையார் கூறுகிறார்: என் சகோதரனின் இழப்பை நான் மறந்துவிட்டேன். மாவீரரை மனமார மன்னிக்கிறேன்."

பாலம் அதிரக் கைதட்டினார்கள். பால்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, போட்டோ சரியா வரலையாம்" என்று அதிகாரி ஓடிவந்தார். "இன்னொரு தடவை மன்னிச்சிடுங்க."

அவள் மன்னிக்காமலே கையை மட்டும் நீட்டினாள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவள் அந்தக் கரைக்குப் போய்க் கல்லில் தம்பியின் பெயரைத் தேடினாள். இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினாள். கோட்டைத் தாண்ட அனுமதி இல்லாததால் லாரிக்காரர் இங்கிருந்தே, "பேரு சரியா இருக்கா?" என்று கத்தினார். அவள் தலையை ஆட்டினாள். கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு அவள் அழுததை அவர் இங்கிருந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி வாய்விட்டு அழுது அவர் பார்த்ததே இல்லை. போய்ப் பக்கத்தில் நிற்க முடியவில்லையே என்று அவருக்கு நெஞ்சு வெந்தது.

அன்று இருட்டியதும் துறையின் வண்டியே, எந்தப் பதிவேட்டிலும் எழுதாமல், அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டது. பிறகு அணைத்தண்ணீரில் பங்கு பிரிப்பதில் தகராறு வந்தது. பழைய குருடி கதவைத் திறடி என்று ஆயிற்று. பாலத்தை மூடி முள்கம்பி போட்டார்கள். மேடை லாரியைக் கிரேன் மறுபடியும் எதிர்க்கரைக்குத் திருப்பியது. அடிக்கடி திருப்ப வேண்டியிருப்பதால் இந்தத் தடவை மேடைக்கு அடியில் சக்கரமே வைத்துவிட்டார்கள். கல் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. மனைவி சில சாயங்காலங்களில் ஆற்றோரம் போய் நின்று, இந்தத் தூரத்தில் தெரியாத கல்லைப் பார்த்துவிட்டு வருவாள்.

ஒரு நாள் ஜீப் வந்தது. அதிகாரி இறங்கினார். ஓய்வு பெற வேண்டிய வயதைத் தாண்டியும் அவருக்குப் பதவி நீட்டித்திருந்தார்கள். அவ்வளவு ஞாபகமும் அவரிடம் இருந்ததால், அவரை வெளியே விட அரசாங்கத்துக்குப் பயம். நாற்காலியில் உட்கார்ந்து விழாப் போட்டோவை மேஜைமேல் வைத்தார்.

"இந்தக் கைகுலுக்கல் நடக்கலை. அது முடிவாயிடுச்சு. பிரச்சினை என்னன்னா, இந்த அம்மா." போட்டோவில் விரலை வைத்தார். "எதிரி நாட்டு ஒற்றனோட அக்கா. விழாவுக்கு அந்தக் கரையிலேர்ந்து வந்தாங்க, பதிவு இருக்கு. திரும்பிப் போனதுக்குப் பதிவு இல்ல. அப்போ இந்தக் கரையிலதான் எங்கயோ இருக்காங்க. நாடு முழுக்கத் தேடிக்கிட்டிருக்கோம். உங்களுக்குச் சந்தேகப்படும்படியா யாராவது கண்ணுல பட்டாங்களா?"

அப்போது மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்து அவர் முன்னால் நின்றாள். அதிகாரி செம்பை வாங்கிக் குடித்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைத் தெரியாமல் வைத்துக்கொள்வதில் அவருக்கு ஆயுள்காலப் பழக்கம். பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

"நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் எழுதிக்கிட்டுப் போயிடுவேன். உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல உங்களோட வேற யாராவது இருக்காங்களா?"

லாரிக்காரருக்கு அந்த முகாம் அறை தெரிந்தது. அதே பேனா மாதிரி இருந்தது. கயிறும் வந்தது, வராமல் இல்லை. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அன்றைக்கு என்ன சொன்னாரோ அதையே இன்றைக்கும் சொல்வார் என்று தெரிந்தவளைப்போல, செம்பின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கா சார்" என்றார் லாரிக்காரர். "இதோ நிக்கிறா. என் பொண்டாட்டி." குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று மேலே சொன்னார். "அன்னைக்கும் இருந்தான் சார். என் மச்சான். வண்டியில என்கூடத்தான் இருந்தான். நான்தான் அனுப்பினேன்."

மனைவியின் கையில் துணி நின்றுவிட்டது.

அதிகாரி எழுதவில்லை. திறந்த பேனாவைப் பிடித்தபடியே வாசலை எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றார். "மொழிபெயர்ப்பாளர் ஜீப்புலதான் இருக்கார். வரட்டும்."

"வரட்டும் சார்" என்றாள் மனைவி. சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்து லாரிக்காரரின் பக்கத்தில் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டாள்.